தீவாந்தரமும் தீவுச் சுற்றுலாவும்

ஆண்டுத் தேர்வுகள் முடிவதற்கும் குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கும் இடைப்பட்ட வெயில் மாதங்களில் நம் வட்டாரத்து நடுத்தர வர்க்கத்தைப் புதிதாக ஒரு கவலை பற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தீவுக்குப் போவது என்பதே அந்தக் கவலை. கொடைக்கானலும் மூணாறும் அலுத்துவிட்டன. மாலத்தீவுக்குக் காசு போதாது, பாலிக்குக் கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே மிச்சமிருப்பது அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது என்கிறார்கள். வள்ளியூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்தில் கால்பங்குதான். ஐந்து இரவு, ஆறு பகல், காலைச் சிற்றுண்டி உட்பட.

பயணத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. வீட்டைவிட்டு வெளியேறாதவனுக்கு அறிவு விரியாது என்பதை நாமே வகுப்பறைகளில் ஓயாமல் சொல்லிவருகிறோம். நாம் எதிர்க்கவிருப்பது ஒரேயொரு தாளை. சுற்றுலா முகவர் நம் கையில் கொடுக்கும் 'பயணத்திட்டம்' என்ற அந்தத் தாளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, இலக்கியம் படித்தவர்கள் பிரதியைப் படிப்பதுபோல் யாராவது படித்ததுண்டா? படித்திருந்தால் அதன் மூன்றாம் நாளில் கண் நின்றிருக்கும். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் இக்கட்டுரை.

அதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நம் பாட்டிமார் காலம்வரை வழக்கிலிருந்த 'தீவாந்தரம்' என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் ஒரே பொருள்தான் இருந்தது: தண்டனை. பாளையக்காரர் போர் அடக்கப்பட்டபின் 1802-இல் தூத்துக்குடித் துறையிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கும்பினியார் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களில் ஒருவர். 1858-இல் அந்தமான் தண்டனைக் குடியிருப்பாயிற்று. 1906-இல் செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டது. தீவு என்றால் திரும்பி வராத இடம். ஒருவனைச் சமூகத்திடமிருந்தும் மொழியிடமிருந்தும் அறுத்தெறியும் இடம். இந்தப் பொருள் எப்போது கழன்றது, அதே சொல் தேனிலவுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் எப்போது பொருந்தத் தொடங்கியது என்பதைச் சமூக வரலாறு எழுதுவோர் ஆராயட்டும். 1960 முதல் தினத்தந்தியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த 'கன்னித்தீவு'க்கு இதில் ஏதேனும் பங்குண்டா என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வே செய்யலாம் (செய்தும் இருப்பார்கள்). நமக்கு வேண்டியது வேறு. தீவு தண்டனையாக இருந்தபோதும் சரி, விடுமுறையாக மாறியபோதும் சரி, போகிறவர்களின் கணக்கில் ஒரு விஷயம் மட்டும் மாறவேயில்லை. அங்கே முன்பே ஆள் இருக்கிறார்கள் என்பதே அந்த விஷயம்.

விளம்பரத் தாள்களைப் பாருங்கள். வெண்மணல், நீலக்கடல், சாய்ந்த தென்னை, ஒற்றை நாற்காலி. மனிதச் சுவடே கிடையாது. தமிழ் படித்தவனுக்கு இந்தப் படம் உறுத்தியிருக்கவேண்டும். அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. அந்த நிலத்தின் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். நெய்தல் என்றால் பரதவர் உண்டு, உமணர் உண்டு, காயும் மீனும் அதைக் கவரும் பறவைகளை ஓட்டும் பெண்ணும் உண்டு. ஆளில்லாத கடற்கரையைச் சங்கக் கவிஞன் எழுதினால் அது பிரிவின் வெறுமையைக் காட்டுவதற்காகத்தான் இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகள் கடற்கரையை இப்படிப் பார்த்துவந்த ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், கருப்பொருளைத் துடைத்தெறிந்த ஒரு முதற்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதை 'இயற்கை' என்று அழைத்துக்கொள்கிறோம்.

தாளுக்கு வருவோம். முகவர் யாராயினும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. முதல் நாள் செல்லுலார் சிறை, மாலையில் ஒலி ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் ராஸ் தீவு. 2018-இல் அதற்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. நான்காம், ஐந்தாம் நாட்கள் ஹாவ்லாக், நீல். இவற்றுக்கும் அதே ஆண்டில் சுவராஜ், ஷஹீத் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேருக்கே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்தது. சோழர் கடற்படையை நினைவுகூர்வதாக அறிவித்ததும் நம்மவர்கள் பூரித்துப் போனார்கள். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்ற பெயர் வருவது உண்மைதான். அது வருவது எந்தப் பட்டியலில் என்பதைப் பூரித்தவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. வென்று கொள்ளப்பட்ட இடங்களின் பட்டியலில்தான் அது வருகிறது. ஸ்ரீவிஜயமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. தோற்ற ஊரின் பெயரை எடுத்து, வென்றவனின் நினைவாக, இந்த இரண்டுக்கும் தொடர்பற்ற ஒரு மக்களின் மண்ணுக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயர் மாற்றங்கள் எதிலும் அந்த மண்ணின் மொழிகளிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை.

இனி மூன்றாம் நாள். 'அதிகாலை மூன்று மணிக்கு விடுதியிலிருந்து புறப்பாடு, பாராடாங் சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, இரவு திரும்புதல்.' தாளில் இவ்வளவுதான் இருக்கும். சுண்ணாம்புக் குகையைப் பார்க்க மூன்று மணிக்கு ஏன் எழவேண்டும் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பாராடாங்குக்குப் போகும் அந்தமான் பெருவழி ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்கு வாகனங்கள் தனியே போக முடியாது. குறித்த நேரங்களில் காவலோடு அணிவகுத்துத்தான் போகவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது. முதல் அணியில் இடம்பிடிக்கத்தான் மூன்று மணிக்கு எழுவது. குகைக்காக இப்படி எழுந்து ஓடுகிறவர்கள் சிலர் இருக்கலாம். வண்டிக்குள் பேச்சு என்னவோ குகையைப் பற்றி இருப்பதில்லை. 'பார்க்க முடியுமா, முடியாதா' என்பதே பேச்சு. யாரை என்று சொல்லவேண்டியதில்லை. ஊர் திரும்பியபின்னும் பாராடாங் பற்றிக் கேட்கப்படும் முதற்கேள்வி அதுதான். 'பார்த்தீர்களா?'

ஜாரவா என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டை இனத்தாரின் மொழியில் அதற்கு 'அந்நியர்' என்று பொருள். தங்களை அவர்கள் 'அங்' என்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். நம் கல்லூரிகளில் ஒரு துறையில் சேரும் பிள்ளைகளின் தொகை இது. 1990களின் பிற்பகுதிவரை வெளியாரைக் கிட்ட அண்டவிடாமல் வில்லோடு நின்றவர்கள். 1997-98க்குப் பிறகுதான் பகை தணிந்து காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கினார்கள். 1999-இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு அது வேப்பிலையோடும் விடுப்போடும் போகும் நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு சிறு கூட்டத்துக்கு அது என்ன செய்யும் என்பதற்கு அதே தீவுகளில் கிரேட் அந்தமானியர் சான்றாக நிற்கிறார்கள். ஆங்கிலேயர் குடியேறியபோது சில ஆயிரம் பேராக இருந்தவர்கள், தட்டம்மையாலும் பிற தொற்றுகளாலும் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகியிருந்தார்கள்.

சாலையின் கதையும் இதே போன்றதுதான். காப்புக்காட்டுக்குள் செல்லும் பகுதிகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் ஆணையிட்டது. மூடப்படவில்லை. 2012 ஜனவரியில் லண்டன் அப்சர்வர் இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. சாலையோரத்தில் ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லும் குரலும், உணவுக்காக அவர்கள் ஆடுவதும் அதில் பதிவாகியிருந்தன. நாடே தலைகுனிந்ததாக ஏடுகள் எழுதின. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துச் சுற்றுலாப் பயணிகளைச் சாலையிலிருந்து அகற்றியது. மார்ச்சில் தடை நீங்கியது. குனிந்த தலை நிமிர இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. 2017-இல் பாராடாங்குக்குக் கடல்வழி தொடங்கப்பட்டது. இருந்தும் வண்டிகள் சாலையில் ஓய்ந்துவிடவில்லை.

இதில் அரசையும் காவல்துறையையும் மட்டும் குற்றம் சொல்லித் தப்புவது எளிது. அந்தக் காணொளியைப் பற்றிப் பேசிய எல்லோரும் ஆடச்சொன்னவன் யார் என்றே கேட்டார்கள். ஆட்டத்துக்குக் கூலியாக வண்டிகளில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஏற்றிவந்தது யார்? அவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் அல்லர். சம்பளக்காரர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள், திரும்பிப் போய் 'பொது அறிவு' சொல்லிக்கொடுத்தவர்கள்.

தமிழில் தீவில் கரையொதுங்கியவனின் கதை ஒன்று இருக்கிறது. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் சூதிலும் பரத்தையிடத்தும் பொருள் தொலைத்தவன். வணிகரோடு கப்பலேறியவன். கப்பல் உடைந்து, முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் என்னும் ஆடையற்ற நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கி, களைத்து உறங்குகிறான். அவனைத் தின்பதற்காகச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் பிழைத்தது எதனால்? வாளால் அன்று, பொன்னால் அன்று, தெய்வத்தாலும் அன்று. அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் மொழியிலேயே அவன் பேசியதும் அவர்கள் விலகி நின்று, தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள்.

சாத்தனாரைக் குற்றமற்றவராகக் காட்டுவது நம் நோக்கமில்லை. கள்ளும் ஊனும் எலும்பும் நாறும் இடத்தில் துணையோடு அமர்ந்திருக்கும் தலைவனைக் கரடியோடு ஒப்பிடுகிறார். நரமாமிசம் தின்பவர்கள் என்கிறார். கடலோடிகள் எல்லாத் தீவுகளைப் பற்றியும் கட்டிய கதைதான் அது. சாதுவன் அங்கே அறவுரை சொல்லித் திருத்தவும் செய்கிறான், ஒரு சமயப் பரப்புரையாளன்போல. இத்தனைக்கும் பிறகு அந்தக் காதையில் ஒன்று நிகழ்கிறது. கரடிபோல் இருப்பதாகச் சொல்லப்பட்ட அந்தத் தலைவன் எதிர்க்கேள்வி கேட்கிறான். பெண்ணும் கள்ளும் ஊனும் வேண்டாமென்றால் வாழ்ந்து என்ன பயன் என்கிறான். உடலைவிட்டுப் போன உயிர் வேறோர் இடத்தில் எப்படிப் புகும், விளக்கு என்கிறான். விடை சொல்லவேண்டிய கட்டாயம் சாதுவனுக்கு நேர்கிறது. இருவரும் வாதிடுகிறார்கள். ஒருவன் சொல்வதை மற்றவன் கேட்கிறான். பிறகு சந்தனமும் அகிலும் துணியும் கொடுத்து வழியனுப்புகிறார்கள், சந்திரதத்தன் கப்பலில் அவன் ஊர் திரும்புகிறான். பௌத்தக் காப்பியம் எழுதிய ஒரு புலவருக்கு, தீவில் இருப்பவனுக்கும் வாய் உண்டு, வாதம் உண்டு என்று தோன்றியிருக்கிறது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளிருந்து கைப்பேசியை ஒளித்துப் படம் பிடிக்கும் நமக்கு அது தோன்றுவதில்லை. இந்தக் காதையைப் பத்து மதிப்பெண் வினாவாகக் கேட்டு விடை திருத்திக் களைத்துப்போன தமிழாசிரியர்களும் அந்த அணிவகுப்பில் இருக்கிறார்கள் என்பதுதான் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது.

மொழி என்றதும் இன்னொன்று. 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி அந்தமானில் இறந்தார். அவரோடு ஆகா-போ என்ற மொழியும் போயிற்று. அதைப் பேசிய கடைசி ஆள் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடமிருந்து சொற்களையும் பாடல்களையும் பதிவு செய்தார். 2012-இல் கிரேட் அந்தமானிய மொழிக்கு அகராதியும் வெளியிட்டார். தன் மொழியில் பேச ஆளில்லாமல் போவா பறவைகளோடு பேசுவார் என்று அவர் சொல்லியிருக்கிறார். 'தமிழ் இனி மெல்லச் சாகும்' என்று எவனோ சொல்லிவிட்டான் என்பதற்காக நூறாண்டாகக் கொதிக்கும் நாம், ஒரு மொழி உண்மையாகவே செத்த ஊருக்கு ஐந்து இரவு தங்கப்போகிறோம். அந்தச் சாவு தாளில் எந்த நாளிலும் இல்லை.

இனி மறுப்புகள். 'அவர்கள் என்ன காலமெல்லாம் காட்டிலேயே கிடக்கவேண்டுமா? முன்னேற வேண்டாமா?' எந்த நாளில், எப்படி, எவ்வளவு வெளியே வருவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும் என்பதே நம் விடை. 2025 ஜனவரியில் ஜாரவாக்களில் 19 பேருக்கு வாக்காளர் அட்டை வழங்கினார்கள். அது நல்லதா கெட்டதா என்று தனியே விவாதிக்கலாம். வாக்குக் கேட்கப்படுவதும் வண்டியிலிருந்து வேடிக்கை பார்க்கப்படுவதும் ஒன்றல்ல. பிஸ்கட்டை முன்னேற்றம் என்பவர்களோடு வாதிட நமக்கு நேரமில்லை.

'நான் ஒருவன் போகாவிட்டால் வண்டி ஓடாதா?' ஓடும். வரதட்சணைக்கும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. பாராடாங்கில் படகோட்டுபவர்களும் கடை வைத்திருப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் ஏழைகள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 2011 கணக்கின்படி அத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர், வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடி. அவர்கள் பிழைப்பில் மண் போடலாமா? போடக்கூடாது. கடல்வழியே போனாலும் படகுக்காரருக்குக் கூலி உண்டு, கடைக்காரருக்கு வியாபாரம் உண்டு. கூடுதல் நேரம் செலவாகும், திட்டத்தில் ஒரு கடற்கரை குறையும், அவ்வளவே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தமான் தமிழர்மீது திடீரென்று பாசம் பொங்குகிறவர்கள், 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்டு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இறக்கப்பட்ட தமிழர்களை நினைத்ததுண்டா? 2004 ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சால். அங்கே சுற்றுலா இல்லை. ஆகவே பாசமும் இல்லை.

வேடிக்கைப் பொருளாவது எப்படியிருக்கும் என்று தாமிரபரணிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா நிறுவனம் எடுத்த மலை. அங்கே தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களுக்காக 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி நடந்து, ஆற்றில் 17 பேர் மாண்டார்கள். குத்தகை 2028-இல் முடிவதை முன்னிட்டு நிறுவனம் 2024-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று சொல்லித் தொழிலாளர்களை இறங்கச் சொன்னது. அந்த மாதங்களிலும் நம் கைப்பேசிகளில் மாஞ்சோலை என்றால் மூடுபனியும் பச்சை மெத்தையும்தான். லயன் வீட்டைக் காலி செய்கிறவர்களைப் பின்னணியில் விழாதபடி ஒதுக்கிவிட்டுப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் நாம். நானூறு காத தூரத்தில் இருக்கும் ஜாரவாவிடம் நாம் வேறு மாதிரி நடந்துகொள்வோம் என்று எப்படி நம்புவது?

தீவு என்ற பொருளிடமே நமக்கு மரியாதை இருந்ததில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடநூல் சொல்லும். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டு வெட்டியெடுத்ததன் பலன் அது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் தேய்ந்து சிறுத்துவிட்டது. வீட்டுவாசல் தீவுகளைக் கரைத்துச் சுவருக்குப் பூசிவிட்டோம். 2024 ஜனவரியில் மாலத்தீவோடு ஏற்பட்ட பூசலில் 'இனி லட்சத்தீவுதான்' என்று தேசபக்தியோடு முழங்கினோம். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர், 2011-இல் மக்கள் 64,000 பேர், ஆறு கிடையாது, மணலுக்கடியில் உப்புநீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கும் நன்னீர்தான் கிணற்றில் ஊறுகிறது. குடிக்க நீர் யார் பங்கிலிருந்து வரும் என்று, ஆற்றுப்பாசனத்துக்கு முறைவைத்துச் சண்டை போடும் ஊர்க்காரர்களாவது கேட்டிருக்கலாம். பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் கட்ட 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை ஒதுக்க 2022-இல் ஒப்புதல் தந்த திட்டத்தில் சுற்றுலாவும் ஓர் அங்கம். இன்னும் சில ஆண்டுகளில் அதுவும் 'ஏழு இரவு, எட்டு பகல்' என்று நம் கைக்கு வரும். அங்கே சோம்பேன் என்ற மக்கள் வாழ்கிறார்கள் என்பது தாளில் இருக்காது.

2025 மார்ச்சில் ஓர் அமெரிக்க இளைஞர் தடைசெய்யப்பட்ட வட சென்டினல் தீவில் கால்வைத்து, கரையில் ஒரு குளிர்பானக் குவளையை வைத்துவிட்டு வந்து கைதானார். பைத்தியக்காரன் என்று எல்லோரும் சிரித்தோம். அவரிடம் அனுமதி இல்லை, நம்மிடம் முன்பதிவு இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தமான் போகிறவர்கள் போகட்டும். செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் மிஞ்சிய மூன்றையும் பார்க்கட்டும். கடலில் குளிக்கட்டும். போர்ட் பிளேரில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் ஒரு முற்பகல் இருந்தால், அணிவகுப்பில் பத்து முறை போனாலும் தெரியாதவை தெரியும். பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் மூன்றாம் நாளை அடிக்கச் சொல்லுங்கள். குகை பார்த்தே தீரவேண்டுமென்றால் கடல்வழியாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். 'சார், எல்லோரும் அதற்குத்தானே போகிறார்கள்' என்பார். அந்த நாளுக்குத் தொகை குறைக்க முடியாது என்றும் சொல்லக்கூடும். குறைக்காவிட்டாலும் அடிக்கச் சொல்லுங்கள், எதனால் என்று அவர் கேட்டால் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.